குதிரைக்கொம்பு

முந்தின வருஷம் அக்டோபரில்
படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போன குதிரை
நவம்பரில் மலையிறங்கி வந்தது,
இடப்பக்கப் பிடரி கத்தரிக்கப்பட்டு,
நெற்றியில் நாணய அகலத்துக்குப்
பசை காய்ந்த தடத்தோடு.
பூச்சிக்கடி என்றார் ஹாஃப்லிடி.
அதோடு விட்டுவிட்டோம். காட் மீன் சீசன்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து
'ஏழாம் கரை' எட்டாம் பாகத்தில்
கண்ணில்லாத தளபதி சொன்னான்:
இந்தக் கரையில் எவர் செத்தாலும்
அவர் குதிரைக்குக் கொம்பு முளைக்கும்.
திங்கட்கிழமை காலை
வெட்டுமேசையில் பதினாறு கத்திகள்
ஒரே நேரத்தில் நின்றன.

நவம்பரில் ஏது பூச்சி,
அதுவும் இந்த ஃபியோர்டில், என்றாள் ஸ்டெய்ன்வோர்.
அவரோ பதினொரு பக்கத்தில்
கையெழுத்துப் போட்டவர்.
வாய் திறந்தால் படகை விற்றாலும் கட்டிமாளாது.
கேட்டால் தொப்பியைக் கழற்றி
உள்ளே பார்க்கிறார்,
பதிலை அங்கே தைத்து வைத்ததுபோல.

ஆகவே கயிறு திரித்தோம்.
கண்ணும் காதும் மூக்கும் வைத்தோம்.
அரசி இஸ்மேரா மூடுபனிக்குள் போனாள், சரி.
ஏறிப்போனது வெள்ளைக் குதிரை,
இது எலிச்சாம்பல்.
சாயம் அடித்தால் எல்லாம் வெள்ளை, என்றான் ஜெமோவித்,
கிதான்ஸ்கில் பழைய கார்களுக்கு
பெயின்ட் அடித்தவன்.
தம்பியின் குதிரையாகவும் இருக்கலாம்.
ஆனால் நிழலை விற்றவன் செத்தால்
அது சாவுக் கணக்கில் சேருமா?
இடைவேளை முழுக்க அதற்கே போனது.
காபி ஆறியது.

லுஸ்விமிண்டா மட்டும் அசையவில்லை.
சாகப்போகிறவளையா
எட்டு வாரம் வெறுங்காலில் நடக்கவிட்டு
கடைசியில் ஒரு குதிரையும் கொடுப்பார்கள்?
பிழைப்பாள்: மூவாயிரம் குரோனா.
மீன்தலை வாங்க வந்த பாதிரியார் ஊல்ஃப்ஹில்டுர்
செத்தாலும் எழுவாள் என்று ஆயிரம் கட்டினார்.
தொழில் அப்படி.
பெட்டியில் ஒட்டும் சீட்டின் பின்புறம்
பெயர், தொகை, நடுவில் கோடு.
இடப்பக்கம் சாவு, வலப்பக்கம் வாழ்வு,
இரண்டிலும் ஒரே செதில்.

சனிக்கிழமை லாயத்துக்கே போனோம்,
ஏழு பேர், டார்ச், லஞ்சமாகக் கம்பு ரொட்டி.
சாட்சி ரொட்டியைத் தின்றது.
ஸ்டெய்ன்வோர் கையுறையைப் பல்லால் கழற்றி
நெற்றியைத் தடவினாள்.
அந்த இடத்து மயிர் மட்டும்
கொஞ்சம் கோணலாக வளர்ந்திருந்தது.
அவள் முகத்திலேயே தும்மியது.
ஆம் என்கிறது, என்றான் ஜெமோவித்.
எதற்கு ஆம்?

ஞாயிறு எட்டே முக்காலுக்குக் காற்று
மலையடியில் எங்கோ கம்பியை அறுத்தது.
ஒன்பது மணிக்கு
மூடுபனிக்குள் போன ஒருத்தியை
ஊர் உலகமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க,
நாங்கள் ஸ்டெய்ன்வோர் வீட்டில்
கறுத்த திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்,
மடியில் உலர்மீன்.
ஒரே ஒரு மெழுகுவர்த்தி.
பக்கத்தில் ஹாஃப்லிடியின் கனத்த மூச்சு.

அவர் தொண்டையைச் செருமினார்.
இனி என்ன, எல்லாரும் பார்த்தாயிற்றே,
நானே சொல்லிவிடு—

சொல்லாதீர்கள்!
ஒரு வாரம் அவரைக் குடைந்த வாய்கள்
அத்தனையும் ஒரே குரலில்.
லுஸ்விமிண்டா எழுந்தே விட்டாள்,
அவர் வாயைப் பொத்தக் கை ஓங்கி.
இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
கூடச் சிரிக்க ஆளில்லை.

குளிர், என்றார் கொஞ்சம் கழித்து.
அந்த ஒன்பது நாளும் அதற்குக் குளிர்.
கொம்பு மூன்று தடவை
கழன்று கழன்று விழுந்தது.

கொம்பா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

நாலு மணிக்கு மின்சாரம் வந்தது.
ஃபிரிட்ஜ் முனகியது.
சோபா இடுக்கில் ரிமோட்டைத் தேடினார்கள்.
நான் சீட்டைத்தான் எடுத்தேன்.
சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே,
கோட்டின் மேலேயே, பென்சிலில்:
குதிரை பிழைக்கும். ஐந்நூறு. ஹாஃப்லிடி.

தெரிந்தவர் பந்தயம் கட்டலாமா என்ற வழக்கு
மூன்றாம் மேசையில்
இன்னும் நடக்கிறது.